இன்னும் லேசான கூடாரம்

இருபத்துநாலு வருஷமாக மனுப் போட்டு, எழுபத்திரண்டாவது வயதில்தான் வெர்லினுக்குக் குலுக்கலில் மலையாட்டு வேட்டை அனுமதி விழுந்தது. மலையில் தங்குவதற்காக, அமெரிக்காவின் வயோமிங் மாநிலக் கடை ஒன்றில் ஒவ்வொரு கூடாரத்தையும் முதுகுப்பையில் வைத்து, மாடிப்படி ஏறிப் பார்த்தார்.

“கனக்குதும்மா.”

“இதுக்கு அடித்துணியே கிடையாது, ஐயா. ரெண்டே பவுண்டு,” என்றாள் விற்பனைப் பெண் டெஸ்ஸா.

பாதிப் படியிலேயே மூச்சு வாங்கியது. இறங்கி வந்து பையைக் கழற்றினார்.

“கல்லு மாதிரி இருக்கு. உருப்படியா ஒண்ணு குடேன்!”

அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது, பையிலிருந்து அதை எடுத்துவிட்டு வேறு தேடப் போனாள் டெஸ்ஸா. கண் விழித்தவர், மாற்றி வைத்துவிட்டாள் என்று நினைத்து, பையை மாட்டிக்கொண்டு ஏறினார். நாலாவது படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“இதுவும் கனக்குதேம்மா!”

கீழே டெஸ்ஸா தயங்கினாள்.

“ஐயா... கூடாரம் இன்னும் என் கையிலதான் இருக்கு.”