சொந்த வண்டி

"யாராச்சும் வண்டிய நிறுத்துனா, என்னை மாமான்னு சொல்லிடும்மா," என்றான் கொளஞ்சி.

முன்சீட்டில் இருந்த சிந்து அவன் பக்கம் திரும்பினாள். "ஏங்கண்ணா?"

"இது ஓன் போர்டு வண்டி. வெள்ளை நம்பர் பிளேட்டு. வாடகைக்கு ஓட்டக் கூடாது. சொந்தக்காரங்கன்னா விட்டுருவாங்க."

அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. சர்டிபிகேட் ஃபைலை மடியில் அணைத்துக்கொண்டு, "மாமா, மாமா" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பெரம்பலூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

பின்சீட்டில் அவளுடைய அம்மா மணிமொழி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். வரதராஜன்பேட்டையில் ஏறியதிலிருந்து வாயே திறக்கவில்லை.

யார் ஏறினாலும் கொளஞ்சி இதைச் சொல்லிக்கொடுப்பான். வயதானவர்களுக்கு அவன் மகன். லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ஏர்போர்ட்டுக்குப் போகிறவர்களுக்குக் கூடப் படித்தவன். டாக்சி ஓட்டுவதற்கான பேட்ஜ் அவனிடம் முறையாக இருந்தது. வண்டிக்குத்தான் பர்மிட் இல்லை. மஞ்சள் போர்டுக்கு மாற்றிவிட வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைப்பான், பொங்கல் போய்விடும்.

இன்று ஜெயங்கொண்டத்தில் ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதுதான் டிராவல்ஸ் பிரசாத் போன் செய்தான். வரதராஜன்பேட்டையில் ஒரு அம்மாவும் பொண்ணும், பெரம்பலூர் வரைக்கும். கொளஞ்சி பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அரியலூர் தாண்டி, வளைவில், சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஜீப் நின்றது. பிரேக் இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார்.

நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டுச் சிந்துவின் பக்கம் குனிந்தார். "யாரும்மா இவரு?"

"மாமா!"

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே பின்சீட்டைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

"என் தம்பி," என்றாள் மணிமொழி.

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கொளஞ்சி கடைசியாகக் கேட்டது சிந்து பிறப்பதற்கு முன்பு.

மணிமொழி அவனுடைய அக்காதான். கூடப் பிறந்தவள். வேறு சாதி ஜெயசீலனோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டபோது, அவளோடு பேசுகிறவன் என் பிள்ளை இல்லை என்று அப்பா சொன்னார். கொளஞ்சி பேசவில்லை. இன்று வாசலில் அவனைப் பார்த்ததும் அவள் அப்படியே நின்றாள். நேரமாகிறது என்று மகள்தான் கையைப் பிடித்து ஏற்றினாள். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை என்றே கேட்டு வளர்ந்தவள் அவள்.

"எல்லா ஓன் போர்டு வண்டியிலயும் அக்கா தம்பிதான் வர்றீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். கொளஞ்சியை இறங்கச் சொல்லி வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார். லைசென்ஸைப் புரட்டிக்கொண்டே, சாதாரணமாகப் பேசுவதுபோலக் கேட்டார்.

"அப்பா என்ன பண்றாரு?"

"இல்லீங்க சார். மாசி மாசம் தவறிட்டாரு."

இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டுப் பின்சீட்டு ஜன்னலை நோக்கி நடந்தார். அவர் என்ன செய்யப்போகிறார் என்பது அப்போதுதான் கொளஞ்சிக்கு உறைத்தது.

"சார்," என்று கூப்பிட்டான். அவர் திரும்பவில்லை.

"ஏம்மா, உங்க அப்பா என்ன பண்றாரு?"

"அரும்பாவூர்ல விவசாயம் பாக்குறாருங்க," என்றாள் மணிமொழி. "வயசாயிடுச்சு. இருந்தாலும் வூட்ல உக்கார மாட்டாரு."

இன்ஸ்பெக்டருக்குக் கோபம்கூட வரவில்லை. "அவரு செத்துப்போயிட்டாருன்னு உங்க தம்பி சொல்றாரு. வர்ற வழியிலயே ஒழுங்காப் பேசி வெச்சுக்கிட்டு வரக் கூடாதா?"

மணிமொழி அவரைத் தாண்டிக் கொளஞ்சியைப் பார்த்தாள். அவன் தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாவுக்கு அவளுக்குச் சொல்லியனுப்பவில்லை. சொல்லலாமா என்று பங்காளிகள் கேட்டார்கள். வேண்டாம் என்று சொன்னது அவன்தான்.

வண்டியை ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டியதாகக் கேஸ் எழுத ஆரம்பித்தார். பொண்ணு காலேஜில் சேரப் போகிறது என்று தெரிந்ததும், பெரம்பலூர் பஸ்ஸை அவரே கை காட்டி நிறுத்தினார்.

சிந்து ஃபைலோடு ஓடும்போது கொளஞ்சியிடம் ஒரு நொடி நின்றாள். "சாரிங்கண்ணா. அம்மாவுக்குப் பொய் சொல்லவே வராது." சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

மணிமொழி பின்னால் வந்தாள். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தவள், ஏறாமல் அவன் பக்கம் திரும்பினாள்.

"என்னைக் கேட்டாரா?"

கண்டக்டர் விசில் கொடுத்தார்.

அப்பா கேட்கவில்லை. படுக்கையில் கிடந்த நாளெல்லாம், மோட்டார் போட்டாயா, வயலுக்குத் தண்ணீர் ஏறியதா என்பதைத் தவிர அவர் எதையும் கேட்கவில்லை.

"கேட்டாருக்கா," என்றான் கொளஞ்சி.

அவள் தலையாட்டினாள். ஏறினாள். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

இன்ஸ்பெக்டர் பேனாவை நீட்டி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினார்.