வேலிக்கு மேலால் ஒரு பார்வை

டொக்டரிடம் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்பதுதான் கமலாசனியின் பயம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒரு சொல் மாறினால், மூன்று கிழமைக்கு முன் ஒப்பரேசன் செய்த வலது கண்ணே போய்விடுமே!

இமை சிவந்து, தடித்து, அரித்து, கடியோ கடி.

காரணம் அவளுக்குத் தெரியும். அது கிளினிக்கில் அவளுக்குப் பக்கத்தில், அதே வாங்கில்தான் உட்கார்ந்திருந்தது. அடுத்த வளவு நாச்சியா!

ஒப்பரேசன் முடிந்து வந்ததும், "அக்காவுக்குப் பத்து வயசு குறைஞ்சு போச்சு" என்றவள். அன்றுதொட்டு வேலிக்கு மேலால் ஒரே பார்வை. கண்ணூறு படாமல் என்ன செய்யும்? அதைக் கழிப்பதற்குச் செத்தல் மிளகாயும் உப்பும் குசினி அடுப்படியில் தயார்.

இன்றைக்கும், "ஒற்றைக்கண்ணோட தனியப் பஸ் ஏறாதேங்கோ" என்று கேளாமலே கூட வந்துவிட்டாள்.

"முகத்தை ஏன் அங்கால திருப்பிறியள்?"

"வெளிச்சம் கூசுது."

"யன்னல் நீங்கள் திரும்பின பக்கமெல்லோ இருக்கு, அக்கா!"

உள்ளே கூப்பிட்டார்கள்.

"எப்ப தொடங்கினது? என்னத்தைப் பூசினீங்கள்?" என்றார் டொக்டர்.

"அது... முந்தாநாள்... இல்லை, அதுக்கு முதல்..." கமலாசனி விரல்களை மடித்து எண்ணினாள்.

"நான் சொல்லட்டோ?" நாச்சியா முன்னால் வந்தாள். "இண்டைக்கு அஞ்சாம் நாள், டொக்டர். கண்ணுக்கு மருந்து விட்டாப் பிறகுதான் கசக்கத் தொடங்குவா. கடிக்குதெண்டு இன்னும் ரெண்டு துளி விடுவா. சோப்பு மாத்தேல்லை, மை பூசேல்லை. மருந்து வழியிற இடம்தான் சிவக்குது. மற்றக் கண்ணைப் பாருங்கோ, பளிங்கு!"

டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"சரிதான். இந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளேல்லை. நிப்பாட்டுங்கோ, வேற தாறன். கண்ணுக்கு ஒண்டுமில்லை."

கிளினிக் கொப்பியில் மருந்தின் பெயரைச் சிவப்பு மையால் எழுதினார். "எங்க போனாலும் இதைக் காட்டவேணும். அதுசரி, இவ்வளவு வடிவாப் பாத்து வச்சிருக்கிறா, ஆர் இவா?"

கமலாசனி நாச்சியாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"தங்கச்சி."

டொக்டர் இவளின் பொட்டையும் அவளின் முக்காட்டையும் பார்த்துச் சிரித்தார்.

வீட்டுப் படலையைத் திறந்தபடியே, "நாச்சியா, கொஞ்சம் உள்ள வா" என்றாள் கமலாசனி. குசினிக்குக் கூட்டிப்போய், மிளகாயையும் உப்பையும் அள்ளி நாச்சியாவின் தலையைச் சுற்றி மூன்று தரம் கழித்தாள்.

"எனக்கேன் அக்கா? ஆரின்ர கண் எனக்குப் பட்டது?"

கமலாசனி எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாள்.

"என்ர கண்தான்."