பெயர் சாணி

குழந்தைக்குப் பெயர் வைக்க முல்லா வந்திருந்தார்.

"சாணின்னு வைங்க" என்றாள் பெற்றவள் அனிபா.

பிஷ்கெக் நகரத்திலிருந்து அந்த மலையூருக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த ஓரகத்தி மீரிமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறந்ததிலிருந்தே பிள்ளையை 'நாய்க்குட்டி, பிசாசு மூஞ்சி' என்று கரித்துக்கொட்டுகிறாள். இப்போது பெயருமா?

"நீயெல்லாம் ஒரு தாயா அக்கா? பிடிக்கலேன்னா எங்கிட்ட குடுத்துடு. சுல்தானாட்டம் இருக்கான்!"

அனிபா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"மெதுவாப் பேசுடி பாவி, சாவுக்குக் கேட்டுடப் போகுது! சுல்தான், சிங்கம்னு பேர் வச்சுக் கொஞ்சின ரெண்டையும் அதுதான் தூக்கிட்டுப் போச்சு. சாணியை எவன்டி தூக்குவான்?"

மீரிம் தொட்டிலைக் குனிந்து பார்த்தாள்.

"த்தூ! அவலட்சணம் பிடிச்ச சாணி!" என்று வாசல்வரை கேட்கக் கத்தினாள்.