மாணவர் ஒப்பம்

“மகன்ட பேர மட்டும் வெட்டிப் போடாதீங்க ஐயா. இந்த வருசமும் பதிஞ்சு விடுங்க. அவன் கெட்டிக்காரன், எப்பிடியும் படிச்சு முடிச்சிருவான்.”

பதிவுக் கிளையின் யன்னலுக்குள் தலையை நுழைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள் சின்னத்தங்கம். மாங்கேணியிலிருந்து முதல் பஸ்ஸில் வெளிக்கிட்டவள் வந்தாறுமூலைக்கு வந்து சேர பத்தரை மணியாகிவிட்டது. முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த காசில் கருவாட்டு மணம்.

பக்கத்தில் நின்ற அன்னப்பூரணிக்கு எரிச்சலாக இருந்தது. பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். சற்று முன்னர்தான் இதே யன்னலில் நின்று, பதிவுக் காசு கட்ட ஒரு மாதத் தவணை கேட்டிருந்தாள்.

“வெள்ளிக்கிழமைதான் கடைசி, தங்கச்சி. அதுக்குப் பிறகு என்னால ஒண்டும் செய்ய ஏலாது” என்று கையை விரித்துவிட்டார் கிளாக்கர் கனகசிங்கம்.

வெள்ளிக்கு இன்னும் இரண்டே நாள். மண்டூரில் அப்பா செய்த வயல் வட்டைக்கு இந்தப் போகம் யூரியா கொண்டுபோக சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் விடவில்லை. பயிர் மஞ்சளித்து நின்று, கடைசியில் வைக்கோல்தான் மிஞ்சியது. அவள் கழுத்தில் கிடந்த சங்கிலி முதலாம் வருடத்தோடேயே போய்விட்டது.

“ஏலாதெண்டா வீட்ட வா மகள். பாலர் பள்ளிக்கு ஒரு ரீச்சர் தேடுறாங்க” என்று அப்பா ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தார். மாதம் எழுநூறு ரூபா. அதற்கப்பால் என்ன என்று யோசித்தால் அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

கனகசிங்கம் எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்தார். இலக்கம் எதுவும் கேட்கவில்லை, தேடவும் இல்லை. ஒரு மெல்லிய காகிதக் கோவையை நேரே இழுத்து எடுத்துக்கொண்டு வந்தார்.

சின்னத்தங்கம் தாள்களை எண்ணி வைத்தாள். கசங்கிய பத்து ரூபாத் தாள்கள்தான் அதிகம். “முப்பது ரூபா குறையுது ஐயா...”

“அத நான் பாக்கிறன்.”

பூரணி அவரையே பார்த்தாள். தனக்கு ஒரு நாள்கூடத் தராத மனிதர், இந்த மனிசிக்காகத் தன் சட்டைப்பைக்குள் கையை விடுகிறார்.

கனகசிங்கம் படிவத்தை எடுத்து, பேனாவைத் திறந்தார். எழுதாமலே திரும்ப மூடினார்.

“தங்கச்சி, இவவுக்கு எழுத வராது. இந்த முறை நீங்க நிரப்பிக் குடுங்க” என்று கோவையையும் சேர்த்து வெளியே நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இருவரும் விறாந்தையில் கிடந்த வாங்கில் அமர்ந்தார்கள். கோவையில் ஒட்டியிருந்த படத்தில் அரும்பு மீசையோடு ஒரு பெடியன். அதற்குக் கீழே, அனுமதி பெற்ற வருடம் 1996. பூரணி பெயரைப் பார்த்து எழுதினாள்: வினாயகமூர்த்தி புவனேந்திரன்.

“எத்தினையாம் வருசம் படிக்கிறார்?”

“முதலாம் வருசம், மகள்.”

பேனா நின்றது. தொண்ணூற்றாறில் வந்தவன், தொண்ணூற்றொன்பதிலும் முதலாம் வருடம்! தாய் கருவாடு விற்றுக் கட்டுகிற காசில், மூன்று வருடமாய் ஒரே வகுப்பில் குந்தியிருக்கிறான். ஒரு பாடத்திலும் கோட்டை விடாத தன்னுடைய பெயர் வெள்ளிக்கிழமையோடு போய்விடும். இவனுடைய பெயர் இருக்கும்.

“உங்கள இவ்வளவு தூரம் அலையவிட்டிட்டு, அவருக்கு வர நேரமில்லையோ?”

கேட்ட பிறகுதான் குரல் சூடாகிவிட்டதென்று பூரணிக்கே தெரிந்தது. சின்னத்தங்கம் கோபிக்கவில்லை.

“அவன் அப்பிடிப்பட்ட புள்ள இல்ல மகள். காய்ச்சலெண்டாலும் பள்ளிக்கூடம் போவான். மழ வந்தா புத்தகத்தச் சேட்டுக்குள்ள வச்சிக்கிட்டு ஓடுவான்.”

செல்லம் கொடுத்தே பழுதாக்கியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பூரணி மளமளவென்று எழுதினாள். முகவரி. தகப்பன் தொழில். கிராம சேவகர் பிரிவு. எல்லாம் முடிந்து கடைசிக் கோட்டுக்கு வந்தாள். மாணவர் ஒப்பம்.

சின்னத்தங்கம் பெருவிரலை நீட்டினாள். “மை இரிக்கா மகள்?”

“நீங்க வைக்க ஏலாது. படிக்கிறவர்தான் கையெழுத்து வைக்கணும்.” இவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவள் குரலில் ஏறிக்கொண்டது. “எங்க அவர்? போய்க் கூட்டிக்கொண்டு வாங்க!”

உள்ளே தட்டச்சுச் சத்தம் நின்றது. கனகசிங்கம் யன்னலடிக்கு வந்தார்.

சின்னத்தங்கம் நீட்டிய விரலை மெல்ல மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“பஸ்ஸ மறிச்சு இறக்கிக் கொண்டுபோய் மூணு வருசம். எங்க எண்டு தெரிஞ்சாக் கூட்டிக்கொண்டு வரமாட்டனா, மகள்?”