இருநூற்றில் மூச்சு வாங்கிய ராக்கெட்

ஆசிரியை நோட்டைத் திருப்பிக் காட்டியதுமே தையல்காரருக்கு வியர்த்துவிட்டது. பக்கம் முழுக்கச் சிவப்பு மை.

"இது உங்க பொண்ணு போட்ட கணக்கே இல்ல."

"அவளுக்குக் காய்ச்சல்... நான்தான் போட்டேன், மிஸ்."

"நினைச்சேன். எரிபொருள் எரிய எரிய ராக்கெட்டோட எடை குறையும், முடுக்கம் ஏறிக்கிட்டே போகும். நீங்க என்னடான்னா, கிளம்பும்போது இருந்த முடுக்கத்தையே கடைசி வரைக்கும் வச்சுப் பெருக்கியிருக்கீங்க. அஞ்சு வயசுல எடுத்த அளவுக்கு இருபது வயசுல சட்டை தைப்பீங்களா?"

"மாட்டேன், மிஸ்."

"இன்டெக்ரேஷன் போட்டு ஒவ்வொரு கணத்தோட வேக ஏத்தத்தையும் சேர்க்கணும். விநாடிக்கு முந்நூறு மீட்டர் பறக்க வேண்டிய ராக்கெட், உங்க கையில மாட்டி இருநூறுலயே மூச்சு வாங்குது."

தையல்காரர் குரலைத் தாழ்த்தினார். "என் தப்புக்கு அவளோட பத்து மார்க் போயிடுமா? அது இல்லேன்னா கல்லூரியில இடம் கிடைக்காதே!"

ஆசிரியை சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். "காய்ச்சல்ல படுத்த எல்லாருக்கும் இன்னொரு நாள் கொடுக்கறதுதான் வழக்கம். உடம்பு தேறினதும் அவளே போடட்டும். நீங்க பேனாவைத் தொடக்கூடாது."

போன உயிர் திரும்பியது. கூடவே வாயும் திரும்பியது.

"இதைச் சொல்லவா கடையைப் பூட்டிட்டு இங்க வரச் சொன்னீங்க?"

ஆசிரியை நோட்டை மூடினார். "வேற எங்க சொல்றதாம்? நம்ம வீட்டுக்குள்ள பள்ளிக்கூடப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு, கல்யாணமான மறுநாளே சட்டம் போட்டது நீங்கதானே?"