பலன் அடைந்தவர்கள்

“இனிமே பூட்டுப் போட்டாத்தான் சரிப்படும் அமலி. காசு குடுத்தவனுக்கு மட்டும் சாவி!”

மரியதாஸ் பூட்டச் சொன்னது வீட்டையல்ல. மனைவி எழுதிய கம்ப்யூட்டர் ப்ரோக்ராமை. ஏற்காட்டில் இருவரும் நடத்திய டைப் இன்ஸ்டிடியூட்டுக்குத் தொண்ணூற்று நாலில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. காப்பி எஸ்டேட்டுகளின் கூலிக் கணக்குக்காக அமலி அதில் ஒரு ப்ரோக்ராம் எழுதினாள். எழுதிய வரிகளைக்கூட ஒளிக்காமல் பிளாப்பியில் போட்டு, கேட்டவருக்கெல்லாம் கொடுத்தாள். திறந்ததும் திரையில் ஆங்கிலத்தில் இப்படி வரும்: ‘தாராளமாக நகல் எடுங்கள். தேவைக்குத் திருத்திக்கொள்ளுங்கள். இதனால் பலன் அடைந்தவர்கள், எழுதியவருக்கு இயன்றதைக் கொடுங்கள்.’

நகல் எடுப்பதில் எஸ்டேட்காரர்கள் ரொம்பவே தாராளம். மலையில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களிடமெல்லாம் அவளுடைய ப்ரோக்ராம்தான் ஓடியது. கடைசி வரி மட்டும் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

“சும்மா குடுத்தா இளிச்சவாய்னுதான் நினைப்பாங்க. சேலத்துக் கம்பெனிக்காரர் சாயங்காலம் வர்றார். வித்துடு. பூட்டுறதை அவர் பாத்துக்குவார்.”

“ஒரு எஸ்டேட்டாவது குடுக்குதுங்களே!” என்றாள் அமலி. குரலில் சுரத்தில்லை. ஊருக்கே உபயோகமாகட்டும் என்று எழுதியதை விற்க அவளுக்கு மனசே வரவில்லை.

அவள் சொன்னதும் பொய்யில்லை. வெள்ளக்கடைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து, காப்பிப் பழம் பறிக்கும் பருவம் வந்தால் போதும், பஸ் கண்டக்டர் ஒரு கூடையை இறக்கிவிட்டுப் போவார். ஆரஞ்சு இருக்கும், மிளகு இருக்கும், சில சமயம் மலைத்தேன். யார் கொடுத்தது என்றால் எஸ்டேட் பெயரைச் சொல்லி விசிலை ஊதிவிடுவார். அந்த முதலாளியை நினைத்தாலே அமலிக்கு நெஞ்சு நிறையும். முகம் தெரியாத அவருக்காக ஜெபத்தில்கூட இரண்டு வார்த்தை சேர்த்திருந்தாள்.

“ஏனுங்க, கம்ப்யூட்டர் அம்மா ஊடு இதுதானுங்களா?”

வாசலில் கூடையோடு ஒரு பெண். “எம் பேரு கண்ணாயிங்க. எப்பவும் பஸ்ஸுல குடுத்து உடுவோம். இந்த வாட்டி நேர்ல பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

அமலி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “வாங்க, வாங்க! உங்க முதலாளிக்கு நான் நொம்ப நன்றி சொன்னேன்னு சொல்லுங்க. இன்னிக்கு இதை வித்துடப் போறேன். ஆனா உங்க எஸ்டேட்டுக்கு மட்டும் எப்பவும் இலவசம்தான். அதை முதல்லயே பேசிடுவேன்.”

“மத்த எஸ்டேட்டுக்குங்க?”

“காசு கட்டணும். கட்டலேன்னா பழையபடி கைக்கணக்குதான்.”

“ஐயோ, வேண்டாமுங்க!” கண்ணாயி பதறினாள். “எந்தங்கச்சி செம்மநத்தத்துப் பக்கம் வேலைக்குப் போறாளுங்க. அங்க இப்பத்தான் இதைப் போட்டிருக்காங்க.”

“உங்க முதலாளி மாதிரி எல்லாரும் மனசு வச்சிருந்தா நான் ஏங்க விக்கப் போறேன்?”

கண்ணாயி திருதிருவென்று விழித்தாள். “முதலாளி எங்கீங்க குடுத்தாரு? கூடையெல்லாம் பழம் பறிக்கிற நாங்க சேந்து அனுப்புறதுங்க. பலன் அடைஞ்சவங்க குடுக்கோணும்னு பொட்டியில எழுதியிருக்குதுன்னு கணக்கு எழுதுற ரைட்டர்தான் படிச்சுச் சொன்னாருங்க. கைக்கணக்குல கால் கிலோ, அரைக் கிலோவெல்லாம் தள்ளிடுவாங்க; உங்க கணக்கு அதுக்கும் கூலி போடுதுங்க. முதலாளிக்கு இதுல நட்டந்தானுங்க, பலன் அடைஞ்சது நாங்கதானுங்களே!”

சேலத்துக்காரருக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொன்னது மரியதாஸ்தான்.