பத்து சதவீத ஆசிட்

"ஆசிட்டா? அதைப் போய் முகத்துல தடவறியா?"

அவர் குடித்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மனைவியோ பதற்றமே இல்லாமல் பஞ்சில் இரண்டு சொட்டு விட்டுக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். கிளைக்காலிக் ஆசிட்டாம், வெறும் பத்து சதவீதமாம். பழைய தோலை மெல்ல உரித்துப் புதுத் தோலை வெளியே கொண்டு வருமாம். வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும். முகத்தில் வெயில் மட்டும் படக் கூடாதாம்.

"லேசா சுள்ளுனு இருக்கும். அப்படித்தான் இருக்கணுமாம்."

"யாரு சொன்னது?"

"சொன்னாங்க."

அந்த 'ங்க' அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒருவரா, பலரா, ஆணா, பெண்ணா? எதுவுமே பிடிபடாத சொல். மேற்கொண்டு கேட்டால் தன் மதிப்பு போய்விடும் என்று டம்ளரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

அவர் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் பரிசோதகர். பெல்ட்டில் வரிசையாக வரும் பாட்டில்களை வெளிச்சத்துக்கு எதிரே பார்த்து, மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்குவது வேலை. உடன் வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. இருபத்திரண்டு வருடத்தில் அவர் கண்ணுக்குத் தப்பிய பாட்டில் கிடையாது. இப்போது சொந்த வீட்டிலேயே ஒரு பாட்டில் அவருக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

நாற்பத்தாறு வயதில் யாருக்காக இந்த மெருகு? கடைக்குப் போனால் குடை. குளியலறையில் முணுமுணுவென்று பாட்டு வேறு.

அன்றிலிருந்து அவர் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்தார், சாப்பிடும்போது பார்த்தார், அவள் போனில் பேசும்போது முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தார். அவள் கீழுதட்டுக்கு அடியில் ஒரு மச்சம் இருந்தது. அது எப்போது வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. பாட்டிலையும் விடவில்லை. ஒவ்வொரு முறையும் மட்டத்துக்கு நேராக லேபிளில் நகத்தால் ஒரு கீறல் போட்டு வைத்தார். செவ்வாயும் வெள்ளியும் மட்டம் சொல்லி வைத்தாற்போல் இறங்கியது.

மருந்துக் கடைக்காரரிடம், தெரிந்தவர் ஒருவருக்காக என்று சொல்லி விசாரித்தார். பயப்பட ஒன்றுமில்லை, அளவோடு போட்டால் ஆறு வாரத்தில் முகம் பளபளவென்று ஆகிவிடும் என்றார் அவர். அந்தப் பளபளப்புதான் இவருக்குப் பயமே.

மூன்றாவது வாரமே முகம் தெளிந்துவிட்டது. படியில் எதிர்ப்பட்ட மாடி வீட்டுக்காரர், பத்து வயது குறைந்தாற்போல் இருக்கிறீர்களே என்று அவளிடம் சொன்னார். இவருக்கு வயிறு எரிந்தது. இருபத்தைந்து வருடம் கூடவே இருந்தவள் கைநழுவிப் போய்விடுவாளோ என்ற எண்ணம் வந்த பிறகு சோறு இறங்கவில்லை.

மறுநாள் மாலை அவள் வெளியே போன நேரம் பார்த்து பாட்டிலை எடுத்தார். ஆசிட் ஆயிற்றே. தள்ளி நின்று, கையை நீட்டி, வாஷ்பேசினில் மொத்தத்தையும் கவிழ்த்தார். புகையவில்லை, நுரைக்கவில்லை, ஒரு வாடைகூட இல்லை. எவ்வளவு சாதுவாக இருந்துகொண்டு குடும்பத்தைக் கெடுக்கிறது என்று திட்டிவிட்டு, கடைசி நகக் கீறல் வரை குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்தார்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை அவள் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு சொன்னாள். "இன்னிக்குக் கொஞ்சம் அதிகமாவே சுள்ளுங்குது."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழாய்த் தண்ணி சுள்ளென்று இருக்குமா? அப்படியானால் இத்தனை நாளும் சொன்னதெல்லாம் கதைதானா? முகத்தின் பளபளப்போ நாளுக்கு நாள் கூடிக்கொண்டுதான் போனது. ஆசிட் வெறும் கண்துடைப்பு, காரணம் வேறு யாரோ என்று முடிவே கட்டிவிட்டார்.

ஆறாவது வாரம் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பாட்டிலைக் கொண்டு வந்து மேசைமேல் வைத்தார்.

"உண்மையைச் சொல்லு. யாரு அது?"

"எது?"

"உன் முகம் இப்படி மின்னுதே, அதுக்குக் காரணம் யாரு? ஆசிட்னு மட்டும் சொல்லாத. அதைக் கொட்டி மூணு வாரம் ஆச்சு. இதுல இருக்கறது வெறும் தண்ணி, நான்தான் ஊத்தினேன்." குரல் உடைந்தது. "என்னை விட்டுட்டுப் போறதா இருந்தா நேராவே சொல்லிடு."

அவள் முதலில் சிரித்தாள். பிறகு அவர் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"இது நம்ம பொண்ணு ஹாஸ்டலுக்குப் போறப்ப விட்டுட்டுப் போன காலி பாட்டில். வாரத்துக்கு ரெண்டு நாள், வெயில் படக் கூடாதுன்னு சொன்னதும் அவதான். நீங்க கொட்டினதும் தண்ணிதாங்க. அது நான் ஊத்தினது."

அவர் பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"காரணம் யாருன்னு கேட்டீங்களே. ஆறு வாரமா ஒருத்தர் என் முகத்தை வச்ச கண் வாங்காம பாத்துட்டு இருக்காரு." பாட்டிலை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினாள். "போன வருஷம் இடுப்பு வரைக்கும் இருந்த முடியைத் தோளோட வெட்டிட்டு வந்தேன், நீங்க இன்னிக்கு வரைக்கும் கவனிக்கலை. உங்க கண்ணு பாட்டில் இருக்கற பக்கம்தானே திரும்பும்? அதான் என் முகத்துக்குப் பக்கத்துல ஒரு பாட்டிலைக் கொண்டு வந்து வச்சேன்."